மேஸ்திரியோட எடது காது

சக்திவேலு.

உன்ன நான் இப்பிடி பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்ல. கல்யாணமாகி மூணு வருசம் மாமா மாமான்னே ஓடிப்போச்சு. எங்கத்த முன்னாடி வாங்க போங்க, ரூமுக்குள்ள வா போ. பேரு மட்டும் வாயில வரவே இல்ல. ரேசன் கடையில கேட்டாக்கூட கார்ட நீட்டிருவேன், "இதுல இருக்குது, பாத்துக்கங்க"ன்னு. இப்ப பத்திரிகையில எழுதறேன். எத்தன பேரு படிக்கப் போறாங்களோ. எழுதிட்டேன், அவ்ளோதான்.

மேஸ்திரி காத பத்தி உன்கிட்ட சொல்லணும்.

போன வாரம் நம்ம கல்யாணத்தப் பத்தி எழுதுனதுல கடசில மேஸ்திரின்னு ஒரு வார்த்த வந்துச்சு. யாரு அது, கட்டட மேஸ்திரியா, சொந்தக்காரரான்னு ரெண்டு மூணு பேரு கேட்டு எழுதியிருக்காங்க. இல்லிங்க. அது எங்க வூட்டு நாயி. எங்க வூட்டுக்காரரு பெங்களூருல இருந்து தூக்கிட்டு வந்தது. அவரு இப்ப இல்ல. நாயி இருக்குது. வூட்ல நானு, எங்கத்த, அது. மூணு பேருதான்.

சிமெண்டு மேட

ஒரு திங்கக்கெழம காலைல. எங்க பக்கத்து மாட்டாஸ்பத்திரி. கம்பிக்கூண்டுக்குள்ள ஒரு ஜெர்சி மாடு சினை ஊசிக்கு நின்னுட்டு இருந்துச்சு. ஒரு ஆளு ரெண்டு ஆட்டுக்குட்டிய கக்கத்துல இடுக்கிட்டு நின்னாரு. நாய கூட்டிட்டு வந்தது நான் ஒருத்திதான்.

மேஸ்திரிய சிமெண்டு மேட மேல தூக்கி வெச்சு, வாய துண்டுல கட்டி, தலைய என் நெஞ்சோட சேத்து புடிச்சிருந்தேன். டாக்டரம்மா எடது காத மடக்கி டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. அந்தம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும், இல்ல ரெண்டு வயசு கூட. நாலாவது தடவ நான் போறது.

"இது இனிமே சொட்டு மருந்துக்கு கேக்காதும்மா. உள்ள கொழாயே தடிச்சு மூடிட்டு வருது. நாமக்கல் கால்நடை காலேஜுக்கு எழுதித் தர்றேன். ஆபரேசன் பண்ணி அந்தக் கொழாய எடுத்துருவாங்க. வலி நின்னுரும்."

"காது கேக்குமாங்க?"

"அந்தக் காது கேக்காது. கேட்டாலும் ரொம்பக் கொஞ்சம்தான்."

"அப்ப வேணாங்க."

"என்ன வேணாங்க?"

"அதுக்கு கேக்கணுங்க."

"எதுக்கு, காவலுக்கா? இன்னொரு காதுதான் இருக்கே."

"அந்தக் காதுலயும் ஆரம்பிச்சிருக்குதுன்னு இப்பதான சொன்னீங்க. அதயும் எடுக்கணும்பீங்க."

டாக்டரம்மா டார்ச்ச அணைச்சாங்க. "நாய்க்கு வலிக்குதும்மா. நீங்க கேக்கணும் கேக்கணுங்கறீங்க. அதுவா வந்து எனக்கு கேக்கணும்னு சொல்லுச்சு?"

ஆட்டுக்குட்டிக்காரரு சிரிச்சாரு. எனக்கு மூஞ்சியெல்லாம் சூடாயிருச்சு. வாய்க்கட்ட அவுத்தேன், மேஸ்திரிய தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். சீட்டக்கூட வாங்கல.

ஏன் கேக்கணும்னு எனக்கு தெரியும். அத அங்க மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவுல நின்னுட்டு எப்பிடி சொல்றது.

பேக்கு கத்துது

அது வந்த கதைய மொதல்ல சொல்லிர்றேன்.

நீ பெங்களூருல சென்ட்ரிங் வேல செஞ்சுட்டு இருந்த. கட்டடத்துக்கு பலக அடிக்கறது, முட்டு குடுக்கறது. மாசத்துக்கு ஒருக்கா வூட்டுக்கு வருவ. ஒரு தடவ வந்தப்ப ட்ராவல் பேக்குல ஜிப்ப அர வாசி தெறந்து வெச்சு, உள்ள இத கொண்டாந்த. பஸ்ல கண்டக்டரு, "யோவ், உன் பேக்கு கத்துதுய்யா"ன்னாராம். நீ, "பசிக்குதுங்க அதுக்கு"ன்னயாம். அத நீ வந்து சொல்லிச் சொல்லி சிரிச்ச. எங்கத்த சிரிக்கல. "இருக்கறதுக்கே பொங்கிப் போட ஆளக் காணம்"னு முணுமுணுத்துட்டு ஒரு கிண்ணத்துல பால் ஊத்திட்டு வந்தாங்க.

ஊரு நாயிங்களுக்கெல்லாம் காது வெரச்சு நிக்கும். இதுக்கு ரெண்டும் வெத்தலையாட்டம் தொங்குச்சு. ஏதோ பெரிய வூட்டு நாயும் சைட்டு நாயும் கலந்து பொறந்ததுன்னு சொன்ன.

"எல்லாரும் மாரடிச்சு வேல செய்யறோம். இது மட்டும் மணல் குமி மேல ஏறி படுத்துட்டு கால் மேல கால் போட்டு பாத்துட்டே இருக்குது. எங்க மேஸ்திரியே தேவலாம்" அப்பிடின்ன. அப்பிடித்தான் அந்தப் பேரு.

மொதல் தடவ மாட்டாஸ்பத்திரிக்கு போனப்ப டாக்டரம்மா நோட்டுல எழுதறதுக்கு கேட்டாங்க.

"பேரு?"

"மேஸ்திரிங்க."

"வூட்டுக்காரர் என்ன வேலன்னு கேக்கலம்மா. நாயோட பேரு."

"நாயோட பேருதாங்க."

எழுதிட்டு தல நிமிரவே இல்ல. சிரிப்ப அடக்கறாங்கன்னு தெரிஞ்சுச்சு. அன்னிக்கு எனக்கு அந்தம்மாவ புடிச்சிருந்துச்சு. அப்பறந்தான் சண்ட.

யாருக்குப் பேசுன

சைட்ல தகர செட்டு போட்டு பதினஞ்சு பேரு ஒண்ணா தங்கியிருந்தீங்க. எல்லாரும் சேலம், தர்மபுரி பக்கத்து ஆளுங்க. அவுங்க முன்னாடி பொண்டாட்டிகிட்ட கொஞ்சிப் பேசுனா வாரம் முழுக்க ஓட்டுவாங்க. இந்தப் பக்கம் எங்கத்த வேற போனுக்கு பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. எங்க ரெண்டு பேருக்கும் போன்ல பேச ஒண்ணுமே இருக்காது. "சாப்ட்டியா." "ம்." "அம்மா சாப்ட்டுச்சா." "ம்." "சரி வெச்சர்றேன்."

அப்பறம் நீ ஒரு வேல செஞ்ச. வாட்சப்புல நாயிக்கு பேசி அனுப்பிச்ச.

மொதல்ல வந்தது எனக்கு இன்னும் மனப்பாடம். பின்னாடி கலவ மிசினு ஓடற சத்தம். யாரோ ஆணி அடிக்கறாங்க. நீ கத்தறயாட்டம் பேசற. "மேஸ்திரி, ஊட்டா ஆய்த்தா?" கன்னடத்துல சாப்ட்டியான்னு. பெங்களூரு குட்டிங்கறதால அதுகிட்ட ரெண்டு வார்த்த கன்னடம் போட்டுட்டுதான் ஆரம்பிப்ப. அப்பறம், "உங்கம்மா சாப்ட்டாளா பாரு. காலைல பூப்பறிக்க வெறும் வயித்துல ஓடிர்றா. தலைக்கு எண்ண வெச்சாளா பாரு. வெக்கலன்னா கடிச்சு வையி."

உங்கம்மான்னா நானு.

சைட்ல இருக்கறவங்களுக்கு அது நாய்கிட்ட பேசற தமாசு. எங்கத்தைக்கும் அது நாய்கிட்ட பேசற பைத்தியம். எனக்கு மட்டுந்தான் தெரியும், அதுல யாருக்கு என்னன்னு. ஆனா மேஸ்திரிக்கும் தெரிஞ்சிருக்கும்னுதான் நெனைக்கறேன். போன கீழ வெச்சு ஓட விட்டா, தலைய ஒரு பக்கமா சாச்சு, தொங்கற காதுல அடிப்பக்கம் மட்டும் மேல தூக்கி, முடியற வரைக்கும் நகராது. முடிஞ்சதும் என்னப் பாக்கும். கேட்டுக்கிட்டியாங்கற மாறி.

மேஸ்திரிக்குன்னு நீ போட்டது மொத்தம் ஒம்போது.

இன்னிக்கு உன் கொரலுன்னு இருக்கறது அந்த ஒம்போதுதான். கல்யாண வீடியோல பாட்டு போட்டு உன் சத்தத்த அமுக்கிட்டானுங்க.

நாத்தம்

ரெண்டாவது வருசம் மழைக்கு அப்பறந்தான் காது ஆரம்பிச்சுச்சு. தலைய சும்மா சும்மா ஒதறும். பின்னங்கால்ல சொறியும். சொறிஞ்சுட்டு கால மோந்து பாக்கும். கிட்ட போனா புளிச்சு மூணு நாளான மாவு வாசன.

நான் சம்பங்கி பறிக்கற பொம்பள. விடிகால இருந்து எட்டு மணி வரைக்கும் மூக்கெல்லாம் பூ வாசம்தான். அதோட வூட்டுக்கு வந்தா மேஸ்திரி ஓடி வந்து காத என் கால்ல தேய்க்கும். ரெண்டு வாசனையும் சேந்து கொமட்டும். இன்னிக்கும் சம்பங்கி மாலை எங்க பாத்தாலும் எனக்கு அதுக்கு அடியில புளிச்ச மாவு அடிக்குது. உன் மேல போட்ட மாலையிலயும் அடிச்சுச்சு. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறேன்னு உனக்கு சொன்னேன். நீ உடனே மேஸ்திரிக்கு பேசி போட்ட. அது நாலாவது.

"மேஸ்திரி, டாக்டர்கிட்ட நாறிக்கிட்டு போயி என் மானத்த வாங்காத. உங்கம்மாவ நல்லா காது கழுவி, பவுடர் போட்டு கூட்டிட்டு போகச் சொல்லு. மேஸ்திரின்னா ஒரு மரியாத வேணும்."

பின்னாடி யாரோ கெக்கேன்னு சிரிக்கறாங்க. நீயும் சிரிக்கற.

நானும் செஞ்சேன். நீ சொல்லாட்டியும் செஞ்சிருப்பேன்னு வெச்சுக்க. எங்க பக்கம் அப்பிடித்தான். கொழந்தைக்கு காய்ச்சல்னாலும் மூஞ்சி கழுவி, பொட்டு வெச்சு, நல்ல சட்ட போட்டுத்தான் டாக்டர்கிட்ட கொண்டு போவாங்க. மாட்ட சந்தைக்கு ஓட்டுனாலும் கழுவாம ஓட்ட மாட்டாங்க. நாலு பேரு பாக்கற எடத்துல அழுக்கா நின்னா வளத்தவங்களத்தான் பேசுவாங்க.

அதனால போறதுக்கு மொதநாள் சாயங்காலம் ஒருக்கா, காலைல ஒருக்கா. சுடுதண்ணில மஞ்சளும் உப்பும் போட்டு, பஞ்ச நனச்சு உள்ள விட்டு விட்டு எடுப்பேன். கடசில ஒரு சொட்டு வேப்பெண்ண. மேல பவுடரு. மேஸ்திரி மாப்பிள்ளையாட்டம் வரும்.

டாக்டரம்மா பாப்பாங்க. "பெருசா ஒண்ணும் காணமே, லேசா செவந்திருக்கு"ம்பாங்க. சொட்டு மருந்து குடுப்பாங்க. விட்டா நிக்கும். இருவது நாள்ல திரும்ப வரும். நானும் திரும்ப கழுவி கூட்டிட்டு போவேன்.

விட்டீங்களா விடலயா

மூணாவது தடவையும் நாலாவது தடவையும் கூட்டிட்டு போனது நீ போனதுக்கு அப்பறம். நாலாவது மாடி சாரத்துல இருந்து நீ விழுந்தன்னு போன் வந்த அந்த நாளப் பத்தி இன்னொரு வாரம் எழுதறேன். இப்ப முடியல.

மூணாவது தடவ டாக்டரம்மா கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்தாங்க. அதுக்கு முன்னாடி ஒருக்கா பஞ்சு குச்சி விட்டு எடுத்து, பூச்சி ஏதாச்சும் இருக்கான்னு பாக்க தர்மபுரிக்கு அனுப்பிச்சிருந்தாங்க. ஒண்ணுமில்லன்னு வந்துருச்சு.

"மருந்து ஒழுங்கா விட்டீங்களா?"

"விட்டேங்க."

"காலைல, சாயங்காலம்?"

"ரெண்டு வேளையும் விட்டேங்க."

"விட்டா ஏன் திரும்ப வருது?"

"அத நான்தான உங்கள கேக்கணும்?"

பின்னாடி நின்ன ஒரு அம்மா, "சரியாத்தான் கேக்குது புள்ள"ன்னுச்சு.

டாக்டரம்மா பேனாவ கீழ வெச்சாங்க. "காதுக்குள்ள தண்ணி போகுதாம்மா? குளம், வாய்க்கா எங்கயாச்சும் எறங்குதா?"

"தண்ணியே படாதுங்க."

சத்தியமா எனக்கு பொய்யின்னு தோணல. மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணி தண்ணியா? அது மருந்துதான.

"அப்ப நீங்க என்கிட்ட எதையோ மறைக்கறீங்க"ன்னாங்க.

"இந்தம்மாவுக்கு வைத்தியம் தெரியல, மாட்டுக்குத்தான் பாப்பாங்க போல"ன்னு நான் வூட்டுக்கு வந்து எங்கத்தகிட்ட திட்டுனேன். எங்கத்த பூண்டு உரிச்சுட்டு இருந்தாங்க. "டாக்டரு படிச்சவ. நீ எட்டாவது"ன்னாங்க. அவ்ளோதான் பதிலு.

அதுக்கு அப்பறந்தான் அந்த நாலாவது தடவ. ஆபரேசன். காது கேக்காது. நான் மேஸ்திரிய தூக்கிட்டு வெளிய வந்தது.

நான் பயந்தது இதுக்குத்தான். எங்கத்த முன்னாடி உன் கொரல போட முடியாது. போட்டா எந்திரிச்சு மாட்டுக்கொட்டாய்க்கு போயிருவாங்க. ஒருக்கா, "அத நிறுத்து புள்ள, ஈரக்கொல அறுக்குது"ன்னாங்க. அப்பறம் நான் போடறதில்ல. மத்தியானம் அவங்க மாட்ட ஏரிப்பக்கம் ஓட்டிட்டு போனதும், கதவ சாத்திட்டு நானும் மேஸ்திரியும் உக்காந்து கேப்போம். ஒம்போதும் வரிசையா. அதுக்கு காது போயிருச்சுன்னா நான் ஒருத்தியா உக்காந்து கேக்கணும். நீ எனக்கு நேரா ஒரு வார்த்தையும் சொல்லல மாமா. எல்லாத்தையும் மேஸ்திரிகிட்டத்தான் சொல்லிருக்க. அதுக்கு கேக்கலன்னா அப்பறம் நீ யார்கிட்ட பேசற?

பல்லு

ஒண்ணர மாசம் நான் ஆஸ்பத்திரி பக்கமே போகல. மெடிக்கல்ல போயி காது வலிக்கு மருந்து குடுங்கன்னேன். யாருக்குன்னு கேக்கல, நானும் சொல்லல. மனுசங்களுக்கு விடற மருந்து. அதயும் கழுவிக் கழுவி விட்டேன். தெனம் கழுவுனேன். சுத்தமா இருந்தா ஆறிரும்னு நெனச்சேன்.

மேஸ்திரி தலைய எடது பக்கமா சாச்சிட்டே நடக்க ஆரம்பிச்சுது. சோத்த பாதில வுட்டுட்டு போயி மூலைல படுக்கும்.

ஒரு மத்தியானம். வெயிலு சீட்டுக் கூரைய காய்ச்சுது. போன எடுத்துட்டு பக்கத்துல உக்காந்தேன். மொதல்ல இருந்து போட்டேன். தல தூக்கவே இல்ல. கேக்கலயோன்னு சத்தத்த ஏத்துனேன். அப்பயும் இல்ல. போன கொண்டுபோயி அந்த எடது காதுக்குள்ளயே வெச்சு அமுத்திப் புடிச்சேன்.

"மேஸ்திரி, ஊட்டா ஆய்த்தா"ன்னு நீ கேட்ட.

வீல்னு கத்திட்டு திரும்புச்சு. என் மணிக்கட்டுல பல்லு. உடனே வுட்டுருச்சு. ரெண்டு புள்ளி, கொஞ்சம் ரத்தம். வுட்டுட்டு அதுவா பயந்து செவுத்தோட ஒட்டிட்டு ஒண்ணுக்கு இருந்துருச்சு.

போனு கீழ கெடந்து நீ பாட்டுக்கு பேசிட்டே இருக்கற. தலைக்கு எண்ண வெச்சாளா பாரு. வெக்கலன்னா கடிச்சு வையி.

எங்கத்த மாட்டோட வந்து பாத்தாங்க. என் கைய பாத்தாங்க, நாய பாத்தாங்க, போன பாத்தாங்க. போன எடுத்தாங்க. அது கைக்கு வந்ததும் மேஸ்திரி இன்னும் செவுத்துக்குள்ள போற மாறி ஒடுங்குச்சு.

"ஏம்புள்ள, போனப் பாத்து பயப்படுது பாரு"ன்னாங்க.

அப்பதான் நான் அழுதேன். நீ செத்ததுக்குக்கூட அப்பிடி அழல.

நான் போயி ஊசி போட்டுக்கிட்டேன், அதச் சொல்லிர்றேன். படிக்கறவங்க யாரும் நாயி பல்லு பட்டா சும்மா வுட்டுறாதீங்க.

கழுவாத காது

அடுத்த நாள் பூப்பறிச்சு போட்டுட்டு, கை கழுவக்கூட இல்ல, உன் மொபட்டுல மேஸ்திரிய முன்னாடி நிக்க வெச்சு நேரா ஆஸ்பத்திரிக்கு போனேன். கழுவல. பவுடர் இல்ல. கழுவறதுக்கு கிட்ட போக எனக்கு தைரியமில்ல.

டாக்டரம்மா என்னப் பாத்ததும் மூஞ்சிய இறுக்கமா வெச்சாங்க. காத மடக்குனாங்க. தலைய பின்னாடி இழுத்தாங்க, அப்பிடி ஒரு நாத்தம். உள்ள கருப்பா, மசிமசின்னு, காப்பித் தூளு மாறி.

"இத்தன நாளா இது எங்கம்மா இருந்துச்சு?"

"அங்கதாங்க இருந்துச்சு."

"நான் பாக்கறப்ப இல்லயே."

"கழுவிட்டு கூட்டிட்டு வருவேங்க."

"எப்ப?"

"மொதநாளு. அப்பறம் வர்ற அன்னிக்கு காலைல. இப்ப கொஞ்ச நாளா தெனமும்."

"எதுல?"

சொன்னேன். சுடுதண்ணி, மஞ்ச, உப்பு, வேப்பெண்ண, பவுடரு. ஒண்ணொண்ணா சொல்லச் சொல்ல அந்தம்மா ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க.

"தண்ணி படுதான்னு கேட்டனேம்மா."

"அது மருந்து தண்ணிங்க."

"மூடுன காதுக்குள்ள தெனம் ஈரம். எப்பிடிம்மா ஆறும்? நான் பஞ்சுல எடுத்து அனுப்புனதும் உங்க மஞ்சத் தண்ணியத்தான் அனுப்பிருக்கேன்."

"நாறும்ங்க. அப்பிடியே எப்பிடி கூட்டிட்டு வர்றது?"

"நாறட்டும். எனக்கு அந்த நாத்தம் வேணும். அத வெச்சுத்தான் நான் கண்டுபுடிக்கணும்." அப்பறம், "யாரு உங்கள கழுவச் சொன்னது?"

போன எடுத்து, மேஸ்திரிகிட்ட இருந்து தள்ளிப் போயி நின்னுட்டு, நாலாவத போட்டேன். நல்லா காது கழுவி, பவுடர் போட்டு. மேஸ்திரின்னா ஒரு மரியாத வேணும்.

டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. "இவரா? அடுத்த தடவ இவர கூட்டிட்டு வாங்க. நானே ரெண்டு வார்த்த கேக்கறேன்."

"அவரு இல்லிங்க."

"பெங்களூருலயா?"

"இல்லிங்க. இல்ல."

டாக்டரம்மா மேஸ்திரி நெத்திய தடவிட்டே இருந்தாங்க. அப்பறம், "அதுக்கு கேக்கணும்னு சொன்னீங்களே, இதுக்கா?"ன்னாங்க.

தலைய மட்டும் ஆட்டுனேன்.

"நானும் கேட்டிருக்கணும்மா. எதுக்குன்னு அன்னிக்கே ஒழுங்கா கேட்டிருக்கணும்"னாங்க.

பஞ்சுல எடுத்து அனுப்பிச்சாங்க. இந்தத் தடவ இருக்குதுன்னு வந்துருச்சு. ஒரு மாறி பூஞ்ச காளானாம், கூடவே சீழு வைக்கற கிருமியும். வேற மருந்து, மாத்தர. கழுவக் கூடாது, கழுவவே கூடாதுன்னு மூணு தடவ சொல்லி என் வாயால திருப்பிச் சொல்ல வெச்சாங்க. பால் சோறும் நிறுத்தச் சொன்னாங்க. அதுல மட்டும் எனக்கும் அந்தம்மாவுக்கும் இன்னும் ஒத்துப்போகல. கொஞ்சூண்டு ஊத்தறேன். இத அவங்க படிக்க மாட்டாங்கன்னு நம்பறேன்.

வலது காது நல்லா ஆயிட்டு வருது. காஞ்சு, சுத்தமா, நாத்தமில்லாம. எடது காது கொழாயி மூடிருச்சு. அது நான் பண்ணது. நீ வெளையாட்டுக்கு சொன்ன, நான் சாமி வாக்காட்டம் செஞ்சேன். நாமக்கல்லுக்கு சீட்டு இப்ப என் கையில இருக்குது. நானே கேட்டு வாங்கிட்டேன். இது அச்சாகி வர்றதுக்குள்ள ஆபரேசன் முடிஞ்சிருக்கும்.

வையி

நேத்து மத்தியானம் நடந்தத சொல்லி முடிச்சர்றேன்.

மேஸ்திரி வாசல்ல வேப்பமரத்து நெழல்ல படுத்திருந்துச்சு. நான் தள்ளி உக்காந்து சும்மா போன கையில வெச்சிருந்தேன். அந்தக் கடிக்கு அப்பறம் நான் ஒருக்காகூட போடல.

எங்கத்த மாட்ட ஓட்டிட்டு போகாம வந்து பக்கத்துல உக்காந்தாங்க. முந்தானையில மூஞ்சிய தொடச்சாங்க.

"நாளன்னிக்கு தான கூட்டிட்டு போற?"

"ஆமாங்கத்த."

"அந்தக் காது சுத்தமா கேக்காதா?"

"கேக்காதுங்கத்த."

மேஸ்திரிய பாத்தாங்க. அப்பறம் சொன்னாங்க, "எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்குது. வையி."

எத போடறதுன்னு தெரியாம கையில பட்டத போட்டேன். அது ஏழாவது. அது வந்த அன்னிக்கு எங்கத்த வூட்ல இல்ல, அதக் கேட்டதே இல்ல. நீ போனதுக்கு அப்பறம் கேக்கறதுக்குள்ள எந்திரிச்சு போயிருவாங்கல்ல.

பின்னாடி மழ பெய்யற சத்தம், தகர செட்டு மேல. அன்னிக்கு நீ கத்தல. மெதுவா பேசுன.

"மேஸ்திரி, ஊட்டா ஆய்த்தா? எங்கம்மா மாத்தர போட்டுச்சான்னு பாரு. போட்டேன் போட்டேன்னு பொய் சொல்லும். கிட்ட போயி நின்னு போட வையி. அது பாட்டுக்கு தலசுத்தி வுழுந்துரும், நான் இங்க இருக்கறேன்."

மேஸ்திரி தல தூக்குச்சு. எந்திரிச்சு, அரை வட்டமா திரும்பி, வலது காது எங்க பக்கம் வர்ற மாறி உக்காந்து, அந்தக் காதோட அடிய மேல தூக்குச்சு. போனப் பாத்து ஒடுங்கல.

எங்கத்த அதோட கழுத்துல கைய வெச்சாங்க. என்னப் பாக்கல, போனப் பாக்கல. நாயப் பாத்துத்தான் சொன்னாங்க.

"போட்டுட்டேன்டா. இன்னிக்கு போட்டுட்டேன்டா சாமி."

படிக்கறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நீங்க கோயிலுக்குப் போறவங்களா இருந்தா ஒரு சூடம், தொழுகைக்குப் போறவங்களா இருந்தா ஒரு துவா, சர்ச்சுக்குப் போறவங்களா இருந்தா ஒரு செபம். எங்கயும் போகாதவங்க கண்ண மூடி ஒரு நிமிசம் நின்னாப் போதும். மேஸ்திரிக்கு மயக்க ஊசி நல்லபடியா தெளிஞ்சிருக்கணும், அந்த ஒரு காது கடசி வரைக்கும் நிக்கணும். அப்பறம் எங்க வூட்டுக்காரருக்கு, அவரு எங்க இருந்தாலும், காலுக்கடியில கெட்டித் தரை இருக்கணும்னு வேண்டிக்கங்க. சாமிகிட்ட சொல்றப்ப பேரு கேக்கும்ல.

பேரு சக்திவேலு.